பூட்டிய வீட்டின் மீற்றர்

1

புது மின்சார மீற்றர் பூட்ட வந்த மனுசன் பழையதைக் கழற்றித் தன் பெட்டிக்குள் எறியப் போன நேரம், ஒருக்கால் தாருங்கோ என்று கேட்டு நான் அதைக் கையில் வாங்கினேன். கறுத்தப் பெட்டி. முன்னுக்கு ஒரு கண்ணாடி, அதற்குள்ளே கிடையாக ஒரு அலுமினியச் சில்லு, சில்லின் விளிம்பில் சின்னதாய் ஒரு அடையாளம். வீட்டுக்குள் மின்சாரம் செலவானால் சில்லு சுத்தும், செலவாகாவிட்டால் நிற்கும். கண்டியில் பதினொரு வருஷம் நான் காலையில் முழித்தது இப்படி ஒன்றின் முகத்தில்தான்.

அந்த மனுசனுக்கு என் சரித்திரம் தேவையில்லை, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். வேலை துவங்க முதலே ஒரு படிவத்தில் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கியிருந்தான். நோயாளிகளுக்கான மெசின் ஏதும் வீட்டில் ஓடுதோ என்று கேட்டான். நான் எங்கள் ஊர் இங்கிலீசில், மெயினை ஓஃப் பண்ணிப்போட்டு வேலை செய்யச் சொன்னேன். அவன் முழித்தான். பேத்தி மாயா வந்து நான் சொன்னதை இங்கிலீசிலிருந்து இங்கிலீசுக்கு மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு மேலே போனாள். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். சிரிக்கட்டும்.

போகும்போது அவன் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரையைக் குசினியில் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான். வீட்டில் இந்த நிமிசம் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அது இலக்கத்தில் காட்டும். கூடவே ஒரு துண்டுப் பிரசுரம்: ஸ்டாண்ட்பையில் விட்ட சாமான்கள் நிறுத்தியதுபோல இருந்தாலும் மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும், சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துங்கள் என்று. எனக்கே பாடம்! கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பொழுது போவது தெரியவில்லை. ரீவி, அதற்குக் கீழே உள்ள பெட்டி, மணி காட்டும் மைக்ரோவேவ், பிரிண்டர், மாயாவின் விளையாட்டு மெசின், பல்லுத் தீட்டும் பிரஷின் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் சுவரில் நிறுத்திவிட்டு ஓடி வந்து திரையைப் பார்ப்பேன். இலக்கம் இறங்கும். பிரிட்ஜைத் தவிர எல்லாம் நின்றால்தான் எனக்கு மூச்சு வரும். ஆனால் ஒவ்வொரு காலையும் ரீவியின் சிவப்பு வெளிச்சம் மட்டும் திரும்ப எரிந்துகொண்டிருக்கும். மாயாவை ஏசுவேன். தானில்லை என்று அவள் சத்தியம் பண்ணுவாள். நான் நம்பமாட்டேன்.

இப்போது இலங்கையில் மின்வெட்டுக்குள் இருந்துகொண்டு இதை வாசிக்கிற ஊர்ச் சனம், கிழவனுக்குக் கொழுப்பு, இருக்கிற கரண்டை நிறுத்துகிறான் என்று சிரிக்கலாம். என் மகள் வாணி சிரித்தவள்தான். ஆடி மாதம் பிறந்தால் அப்பாவுக்குச் சுவிட்ச் வருத்தம் துவங்கிவிடும் என்று தாய் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே பகிடி பண்ணுவாள். இந்த ஆடி அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

2

லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர் இது. மனைவி புஷ்பம் போய் நாலு வருஷமாகிறது. தனியே இருக்க விடமாட்டேன் என்று வாணிதான் என்னைக் கூட்டி வந்து வைத்திருக்கிறாள். மருமகனுக்கு வேலை வேறு நகரத்தில், வார முடிவில் வருவார். மற்ற நாட்களில் நாங்கள் மூன்று பேர்.

வாணி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறாள். பிரிவுக்குத் தலைமை இடம் ஒன்று காலியாகி, அதற்கு விண்ணப்பித்து, ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நேர்முகம் கம்பியூட்டரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அப்பா, பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஒன்றிலும் கை வைக்காதேங்கோ என்று முதல் நாளும் சொன்னாள், அன்று காலையிலும் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

பத்தரைக்குத் திரையைப் பார்த்தேன். இலக்கம் கூட நின்றது. ரீவிக்குப் பின்னால் போய், ரீவியின் தனிச் சுவிட்சோடு நிற்காமல், பல பிளக் செருகியிருந்த நீட்டுப் பலகையின் சுவிட்சையே ஒரே அமத்தாக அமத்தினேன். இணையப் பெட்டியும் அதே பலகையில்தான் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்லப் போவதில்லை. தெரிந்த தலைக்கும் அமத்திய கைக்கும் இடையில் அந்த நேரம் தொடர்பு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வாணி படி இறங்கி வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நல்லது. அவள் குனிந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, நிமிராமலே சொன்னாள்:

“அப்பா, இனி நாங்கள் ஒரு வீட்டில இருக்கேலாது. கோவத்தில சொல்லேல்லை. கன நாளா யோசிச்சுத்தான் சொல்லுறன்.”

அந்தக் கிழமையே முதியவர்களுக்கான மாடி வீட்டுக்கு விண்ணப்பிக்கும் படிவம் வந்தது. பதினாறு பக்கம். நகரசபைக்காரர் எதையும் விடவில்லை. நடக்க ஏலுமா, குளிக்க ஏலுமா, மறதி உண்டா, விழுந்திருக்கிறீர்களா. ஏழாம் பக்கத்தில், இப்போது இருக்கும் வீட்டை விட்டுப் போக விரும்பும் காரணம் என்ன என்று கேட்டு, அடையாளமிட ஒன்பது கட்டம். வீடு பழுது, படி ஏற ஏலாது, குடும்பத்தில் வன்முறை, இப்படி. நான் ஒன்பதையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்குப் பொருந்தும் கட்டம் இல்லை. கடைசியில் “வேறு” என்று ஒரு வரி விட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்குள் கண்டியை எப்படி எழுதுவது?

படிவத்தை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். எனக்கு ரீவியும் வேண்டாம், இலக்கமும் வேண்டாம், இந்தப் பிள்ளையை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதை வாய் திறந்து சொல்ல யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு எங்கே வருகிறது.

3

நான் கண்டியில் மின்சாரக் கந்தோரில் மீற்றர் வாசித்தவன். குண்டசாலையில் வாடகை வீடு. காலையில் பஸ் பிடித்து, தென்னக்கும்புரப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய், இலக்கம் எழுதும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. தெல்தெனியப் பழைய டவுன் தண்ணிக்குள் போக முதல் அங்கேயும் வாசித்திருக்கிறேன். நான் கடைசியாக எழுதிய இலக்கங்களோடு அந்த மீற்றர் மாட்டிய சுவர்கள் இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கின்றன.

என்னோடு கூட வருகிறவன் குணபால. ஏணி தூக்குவதும், கட்டணம் கட்டாத வீட்டுக்குக் கரண்டை வெட்டுவதும் அவன் வேலை. மத்தியானம் இரண்டு பேரும் ஏணியைச் சாத்திவிட்டு எங்காவது மதிலில் இருந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்போம். புஷ்பத்தின் புட்டில் பாதி அவனுக்கு. அவன் வீட்டுப் பலாக்காய்க் கறியில் பாதி எனக்கு. எனக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அவனுக்குத் தமிழில் கெட்ட வார்த்தை மட்டும் தெரியும், அதுவும் நான் படிப்பித்ததில்லை.

கரண்டு வெட்ட வருகிறார்கள் என்று தெரிந்தால் சனம் ஒரு உபாயம் செய்யும். பின் கதவால் ஒருவர் வெளியே வந்து, முன் கதவுக்கு வெளியால் ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டுத் திரும்பப் பின்னால் உள்ளே போய்ச் சத்தம் போடாமல் இருப்பார்கள். வீட்டில் ஆளில்லை என்றால் நாங்கள் அறிவித்தல் துண்டு வைத்துவிட்டுப் போய்விடுவோம் அல்லவா. எனக்கு இந்த விளையாட்டுப் பிடிபட அதிக நாள் எடுக்கவில்லை. முன் கதவுக்கு வெளியே விறாந்தைச் சுவரில் இருக்கும் மீற்றரின் கண்ணாடிக்குக் கிட்டப் போய், வெயில் படாமல் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சில்லைப் பார்ப்பேன். ஓடினால் இஸ்திரிக்கை, ஊர்ந்தால் றேடியோ. பிறகு கதவைத் தட்டி, நோனா, உடுப்புக் கருகப் போகுது, கதவைத் திறவுங்கோ என்பேன். உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்கும், கதவும் திறபடும்.

இதை நான் எனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்திருக்கவில்லை. கந்தோரில் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோரையும் கூட்டி வைத்து நடித்துக் காட்டுவேன். “பூட்டுப் பொய் சொல்லும், சில்லு பொய் சொல்லாது” என்று வசனம் வேறு. கந்தோர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த நாட்களில் புஷ்பத்தின் தமையன் குவைத்திலிருந்து வரும்போது ஒரு கலர் ரீவி கொண்டுவந்து தந்தார். இருந்த கதிரையிலிருந்தே நிறுத்தலாம், போடலாம், கையில் பிடிக்க ஒரு கட்டை உண்டு. அதை அமத்தினால் படம் போய், முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரியும். முன்னறையில் வைத்தால் கண்ணூறு பட்டுவிடும் என்று புஷ்பம் அதை உள்ளறையில் ஒரு மேசையில் வைப்பித்து, தன் பழைய சீலையில் ஒரு உறை தைத்துப் போட்டாள். உறை ரீவியையும் மேசையையும் மூடி நிலம் வரைக்கும் தொங்கும். ஆறு வயது வாணிக்கு அந்த மேசைக்கு அடிதான் வீடு. பொம்மையும் அங்கே, சாப்பாடும் அங்கே.

4

அது எண்பத்துமூன்றாம் வருஷத்து ஆடி மாதத்தில் ஒரு நாள். ஊரடங்கு என்று றேடியோவில் சொன்னார்கள், ஆனால் சந்திப் பக்கம் புகை எழும்பிக்கொண்டுதான் இருந்தது. டவுனில் தமிழ்க் கடைகள் எரிகின்றன என்று காலையிலேயே கதை வந்துவிட்டது. பதினொரு மணி போல வீட்டுச் சொந்தக்காரி, சிங்கள மனுசி சுமனா நோனா பின் வளவால் ஓடி வந்தா. தன் வீட்டில் எங்களை வைத்திருக்க ஏலாது, அங்கே வந்துபோகிற ஆட்களைத் தானே நம்பவில்லை என்றா. வீட்டை வெளியால் பூட்டிவிடுகிறேன், யாழ்ப்பாணம் போய்விட்டார்கள் என்று சொல்கிறேன், பொழுது பட முதல் வான் ஒன்று பிடித்துத் தருகிறேன், அதுவரைக்கும் மூச்சுக் காட்டாமல் இருங்கள் என்றா.  தன் வீட்டு ஆமைப்பூட்டைக் கொண்டுவந்து முன் கதவுக்குப் போட்டா. பின் கதவை நான் உள்ளால் தாழிட்டேன்.

யன்னல்களை எல்லாம் சாத்தினோம். பட்டப் பகலில் வீடு இருண்டது. புஷ்பம் வாணியை மேசைக்கு அடியில் தள்ளிச் சீலையை இழுத்து விட்டுவிட்டு, பக்கத்தில் நிலத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய உதடு தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு மீற்றர் நினைவுக்கு வந்தது.  மீற்றரும் விறாந்தையில், மெயின் சுவிட்சும் அதற்குப் பக்கத்தில் விறாந்தையில். பூட்டுப் போட முதல் ஒரு விரலால் மெயினைத் தட்டிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். பதினொரு வருஷம் மீற்றர் பார்த்தவனுக்கு அது தோன்றவில்லை. பின் கதவால் வெளியே போகலாம் என்று தாழில் கை வைத்த நேரம் தெருவில் ஆட்களின் சத்தம் கேட்டது.

வீட்டுக்குள் ஓடினேன். சாமியறையில் சின்னச் சிவப்புப் பல்ப், நிறுத்தினேன். றேடியோ, பிளக்கையே பிடுங்கினேன். இஸ்திரிக்கை, தண்ணி சுட வைக்கும் கம்பி, குசினி லைற். கடைசியாக உள்ளறைக்கு வந்து, மேசைக்குப் பின்னால் கையை விட்டு, ரீவியின் சுவர்ச் சுவிட்சை அமத்தினேன். சீலைக்குள்ளிருந்து வாணி என்னைப் பார்த்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். பிறகு முன்னறைக்குப் போய், கதவுக்குப் பக்கத்தில் இருந்த நிறக் கண்ணாடியின் ஓரத்தால் வெளியே பார்த்தேன்.

பத்துப் பதினைந்து பேர் இருக்கும். எங்கள் பகுதி முகங்கள் இல்லை. சுமனா நோனா முற்றத்தில் நின்று யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தா. ஒருவன் பூட்டை இழுத்துப் பார்த்தான். அவர்களுக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் விறாந்தைக்கு ஏறினான். காக்கிக் காற்சட்டை, தோளில் கயிறு.

குணபால.

அவன் பூட்டைப் பார்க்கவில்லை. நேரே மீற்றருக்குப் போனான். குனிந்து, வலது கையைக் கண்ணாடிக்கு மேலே மறைப்பாகப் பிடித்தான். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நடித்துக் காட்டிய அதே குனிவு, அதே கை. மீற்றர் எனக்குத் தெரியவில்லை, அவனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. சில்லு நிற்கிறது என்று முடிவெடுக்க எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் அதைவிட அதிக நேரம் பார்த்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. கடவுளே, எதையாவது விட்டுவிட்டேனா, எதை விட்டேன் என்பதைத் தவிர வேறு நினைவே எனக்கு இல்லை. பிள்ளையின் நினைவுகூட இல்லை. அதற்காக இன்றைக்கும் நான் என்னை மன்னிக்கவில்லை.

குணபால நிமிர்ந்தான். திரும்பி அவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்:

“ஒருத்தரும் இல்லை. மீற்றர் நிக்குது. இதுக்குள்ள நேரத்தை வீணாக்காதேங்கோ.”

ஒருவன் கோபத்தில் கல்லெறிந்தான். நிறக் கண்ணாடி உடைந்து என் தோளில் கொட்டியது. நான் அசையவில்லை. செருப்புச் சத்தங்கள் படி இறங்கிப் பல்லேகலப் பக்கமாகப் போயின.

நாலு மணிக்கு வான் வந்தது. உடுத்த உடுப்போடு ஏறினோம். நிறுத்தியது எது, நிறுத்தாதது எது என்று திரும்பிப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

5

அகதி முகாமாக்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு கிழமைக்கு மேல் இருந்துவிட்டு, என் பத்திரங்களை எடுக்க ஒருநாள் கந்தோருக்குப் போனேன். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் குணபால நின்றான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் அவசரமாக என் கையைப் பிடித்து இறக்கி, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். தன்னை எப்படி அந்தக் கூட்டத்தோடு கூட்டி வந்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு விசயம் சிங்களத்தில் சொன்னான்.

“மாத்தையா, உங்கட சில்லு நிக்கேல்லை. மெல்லமா ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. என்னத்தைப் போட்டு வைச்சிருந்தனீங்கள்?”

 மறுமொழிக்கு நிற்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சில்லு அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. எங்களுக்காகப் பொய் சொன்னவன் குணபாலதான். அதன் பிறகு நான் அவனைக் காணவில்லை.

குண்டசாலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நாங்கள் போன பிறகு வேறு யாரோ பூட்டை உடைத்திருந்தார்கள். ரீவியும் இல்லை, றேடியோவும் இல்லை. சுவரில் வெறும் சுவிட்சுகள், யார் யாரோ கை வைத்த சுவிட்சுகள். எது ஓடிக்கொண்டிருந்தது என்று அவற்றைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? புஷ்பத்திடம் மட்டும் சொன்னேன். பிள்ளைக்குச் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். போர் பெருத்து, நாங்கள் நாடு விட்டு நாடு வந்து, எத்தனையோ வீடு மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் நான் அந்த ஒன்றைத்தான் தேடினேன். எல்லாவற்றையும் நிறுத்தினேனே, பிறகு எது?

6

வியாழக்கிழமை பின்னேரம் வாணி வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் படிவத்தோடு எனக்கு எதிரே இருந்தாள். நேர்முகத்தை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். நல்லது பிள்ளை என்றேன். ஆறு பக்கம் நிரப்பினோம். விழுந்ததில்லை, மறதி கொஞ்சம். ஏழாம் பக்கம் வந்தது. “வேறு” என்ற வரியில் பேனையை வைத்துக்கொண்டு, என்ன எழுதுறது அப்பா என்று கேட்டாள். குரல் களைத்திருந்தது.

நான் சொன்னேன். பூட்டிய வீட்டில் ஒளித்திருந்தோம் என்பது அவளுக்குத் தெரியும். மீற்றர் கதை தெரியாது. என் வாய்ச் சவடாலை, விறாந்தையில் விட்ட மெயினை, குணபால குனிந்ததை, சைக்கிளடியில் அவன் சொன்னதை எல்லாம் இலக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நான் முடித்ததும் வாணி கேட்டாள்:

“எது எண்டு கடைசிவரைக்கும் தெரியேல்லையோ?”

“இல்லை.”

“ரீவி, அப்பா.”

நான் அதைச் சுவரிலேயே நிறுத்தினேன், நீயும் பார்த்தாய் என்றேன். ஓம், பார்த்தனான் என்றாள். பேனையைத் திறந்து திறந்து மூடினாள்.

“நீங்கள் அங்கால போனாப் பிறகு நான் திரும்பப் போட்டனான். சுவிட்ச் என்ர கையடியிலதான் இருந்தது. அந்தச் சிவப்பு இல்லாமல் சரியான இருட்டு. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தா. எனக்கு அது எரிஞ்சால் போதும்போல இருந்தது.”

பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. ஆறு வயதுப் பிள்ளை மீது, நாற்பது வருஷம் பிந்தி. மூன்று உயிர் ஒரு விரலில் நின்றிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். நரை விழுந்த தலை, கழற்றாத கோட்டு. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் நான் ஒவ்வொரு நாளும் ரீவியை நிறுத்தியிருக்கிறேன், ஒவ்வொரு காலையும் அது திரும்ப எரிந்திருக்கிறது. அநியாயமாக மாயாவை ஏசியிருக்கிறேன்.

“சரியாப் பயந்திட்டியோ பிள்ளை?” என்று கேட்டேன்.

“ஓம் அப்பா.”

அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் சில்லை நினைத்துக்கொண்டு நின்றேனே தவிர, மேசைக்கு அடியில் இருந்தவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும் பயந்துதான் போனேன், இன்னும் அந்தப் பயம் விடவில்லை, உன்னை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை என்றேன். வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் இவ்வளவும் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் அழுதாள். எனக்கும் கண் தெரியவில்லை. படிவத்தை அவள் கிழிக்கவில்லை, மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். அப்பா, இணையப் பெட்டியில மட்டும் கை வைச்சியள் எண்டால் அது திரும்ப வெளியில வரும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதல் நான் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்தேன். மைக்ரோவேவ், பிரிண்டர், சார்ஜர் எல்லாம் நிறுத்தினேன். பலகைச் சுவிட்சைத் தொடவில்லை. ரீவிக்கு முன்னால் வந்து நின்றேன். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மாயா சோபாவில் இருந்து என்னைப் பார்த்தாள். ஏன் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள், பிறகு காலையில் என்னைத்தானே ஏசுவீர்கள் என்று இங்கிலீசில் கேட்டாள்.

அது உன் அம்மாவின்ர வெளிச்சம், எரியட்டும் என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு விளங்கியது.